எதை வெட்டினார்கள் என்று பாருங்கள்: வன்னியில் பொபர் மோட்டார் சைக்கிள் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெரியப்பாவின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்கு முன் மட்காட் இருந்ததை நான் கண்டதே இல்லை. மாரியில் வயல் பாதையால் போனால் களி ரயரோடு சுற்றி வந்து மட்காட்டுக்குள் அடைந்து, சில்லு அப்படியே இறுகிவிடும். ஒரு நாள் கோபத்தில் கழற்றினார். பிறகு அது மல்லாத்தி வைக்கப்பட்டு, கோழிகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியாகப் பல காலம் வீட்டுக் கோடியில் கிடந்தது. அந்த வண்டியில் இண்டிகேற்றரும் இல்லை, ஒரு பக்கக் கண்ணாடியும் இல்லை, சைலன்சரில் பாதியும் இல்லை. எங்கள் கண்ணுக்கு அது வறுமை.

பல வருடம் கழித்துக் கிளிநொச்சியில் ஒரு மைதானத்தில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முன் மட்காட் இல்லாத, பி.எஸ்.ஏ. என்ற பழைய பிரித்தானிய வண்டி ஒன்றைச் சுற்றி முப்பது பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கட வண்டியெல்லாம் அப்பவே பொபர்தான் தம்பி. பேர்தான் எங்களுக்குத் தெரியேல்லை."

அவர் சொன்னதில் பாதி சரி. பொபர் என்றால் வேண்டாததைக் கழற்றி, வெட்டிப் பாரம் குறைத்த வண்டி. ஆனால் கழற்றி எறிந்ததெல்லாம் பொபர் ஆகிவிடாது. எதைக் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள், கழற்றின இடத்தை எப்படி முடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகினால், எஞ்சின் பெயர் ஒன்றும் தெரியாதவருக்கும் அந்த மைதானத்தில் அரை நாள் போதாது.

வெட்டின கதை

குதிரை வாலைக் கட்டையாக நறுக்குவதையும், கழுத்தளவில் முடி வெட்டிக்கொள்வதையும் ஆங்கிலத்தில் பொப் என்பார்கள். வண்டிக்கும் அதே சொல்தான் வந்தது. 1930களில் அமெரிக்காவில் ஹார்லி, இந்தியன் (இதுவும் அமெரிக்கக் கொம்பனிதான்) வண்டி வைத்திருந்தவர்கள் முன் மட்காட்டைக் கழற்றிவிட்டுப் பின் மட்காட்டை நறுக்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்குகிற சாதாரண வண்டிகளுக்கென்று 'கிளாஸ் சி' என்ற பந்தய வகுப்பு அங்கே அந்தக் காலத்தில்தான் சூடு பிடித்தது. லைற்றும் மட்காட்டும் இல்லாமல் பந்தயத்தில் ஓடிய வண்டிகளைப் பார்த்து வீதியில் ஓடுகிறவர்களும் அப்படியே செய்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இது பெருகியது. அமெரிக்க இராணுவத்துக்காகவும் நேச நாடுகளுக்காகவும் ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. வகை வண்டிகள் ஏறத்தாழ 90,000 செய்யப்பட்டிருந்தன. போர் முடிய அவற்றைக் கழிவு விலைக்கு விற்றார்கள். 740 சி.சி. எஞ்சின், ஆனால் பாரம் 250 கிலோவை நெருங்கும். வீடு திரும்பிய சிப்பாயிடம் எஞ்சினைப் பெரிதாக்கக் காசில்லை, வாள் இருந்தது. பாரத்தைக் குறைத்தால் வேகம் தானாக வரும். அழகெல்லாம் பிறகு வந்த பேச்சு.

இதோடு சொப்பரைப் போட்டுக் குழப்ப வேண்டாம். சொப்பரில் முன் ஃபோர்க்கை நீட்டுவார்கள், கழுத்தைச் சரிப்பார்கள், குரோம் ஏற்றுவார்கள், முதுகு சாயக் கம்பி வைப்பார்கள். பொபரில் வண்டியின் கழுத்துச் சாய்வு பெரும்பாலும் கொம்பனி விட்டபடியே இருக்கும். சொப்பர் கூட்டல், பொபர் கழித்தல். இதை மட்டும் மனதில் வைத்தால் வாசலிலேயே பாதி வண்டிகளைப் பிரித்துவிடலாம்.

எப்போது போவது, எதைக் கொண்டு போவது

மாரி மழை ஓய்ந்து, தை மாசி மாதங்களில் நடக்கும் கூட்டங்கள்தான் நல்லவை. சோளகம் வீசும் மாதங்களில் மைதானத்துச் செம்புழுதி எல்லாப் பெற்றோல் ராங்கியிலும் ஒரே நிறத்தைப் பூசிவிடும். காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். வண்டிகள் வந்து இறங்கும் நேரம், சொந்தக்காரர்கள் துணியும் கையுமாக நிற்கும் நேரம் அதுதான். 11 மணிக்குப் பிறகு வெயிலில் குரோமையும் பார்க்க முடியாது, மனிதரையும் பார்க்க முடியாது. எல்லாரும் மர நிழலில் பிளேன்ரீயோடு இருப்பார்கள்.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்ன ரோர்ச். ரோர்ச் எதற்கென்று பிறகு சொல்கிறேன். இடுப்பு பெல்ற்றில் பெரிய பக்கிள் இருந்தால் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குனிந்து பார்க்கும்போது இன்னொருவருடைய மூன்று மாதப் பெயின்ற் வேலையைக் கீறிவிடும். தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் ஒன்றும் பிழையில்லை, ஆனால் இப்போது வந்து நின்ற வண்டியின் சைலன்சர் பிள்ளையின் கால் உயரத்தில்தான் இருக்கும்.

முதலாம் படி: பத்தடி தள்ளி நில்லுங்கள்

எல்லாரும் நேராகப் போய் எஞ்சினுக்குள் தலையை விடுவார்கள். நீங்கள் முதலில் பத்தடி தள்ளி, வண்டியின் பக்கவாட்டில் நேராக நில்லுங்கள். ஹாண்டில் கழுத்தில் தொடங்கி, ராங்கியின் மேலால் வந்து, சீற்றுக்குக் கீழால் இறங்கி, பின் சில்லின் அச்சுவரை ஒரு கோட்டைக் கண்ணால் இழுத்துப் பாருங்கள். நல்ல பொபரில் அந்தக் கோடு எங்கேயும் தடக்காது. வண்டில் மாட்டின் திமிலில் இருந்து வால்வரை முதுகு இறங்குவதுபோல ஒரே ஓட்டத்தில் இறங்கும். சீற் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, ராங்கி பின்பக்கம் சரிந்து கிடந்தாலோ, செய்தவர் ஒவ்வொரு துண்டாக வாங்கிப் பூட்டினாரே ஒழிய முழு வண்டியாக ஒருதரமும் நின்று பார்க்கவில்லை.

அடுத்தது பின் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் உள்ள இடைவெளி. ஒரு விரலோ இரண்டு விரலோ இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவா? முன்னுக்கு ஒரு விரலும் பின்னுக்கு மூன்று விரலுமாக இருந்தால் வளைவு வேறொரு சில்லுக்குச் சொந்தமானது. மட்காட் ரயரோடு ஒட்டி நிற்கும் வண்டியில் பின்னுக்கு ஸ்பிறிங்கும் இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். சில்லு மேலும் கீழும் ஆடும்போது மட்காட்டும் அதோடு ஆட வேண்டும், அதாவது பின் சில்லைத் தாங்கி ஆடும் ஆமில் பூட்டியிருக்க வேண்டும். ஃபிறேமில் பூட்டியிருந்தால் முதல் குழியிலேயே மட்காட் ரயரைத் தின்னும். அது காட்சிக்கு மட்டும் செய்த வண்டி. எங்கள் உள் வீதிகளில் ஒரு கிலோமீற்றர் தாண்டாது.

இரண்டாம் படி: குந்தி இருந்து பின்பக்கம் பாருங்கள்

இப்போது கிட்டப் போகலாம். வண்டியின் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்துங்கள். பின்னுக்கு ஷொக் இல்லாமல், குழாய்கள் முக்கோணமாக வந்து அச்சைப் பிடித்திருந்தால் அது ஹார்ட்ரெயில். பொபரின் பழைய உடம்பு இதுதான். பெரிய ஹார்லிகளுக்குப் பின் ஸ்பிறிங் வந்ததே 1958இல், டியோகிளைட் வண்டியோடு. அதற்கு முன் ஓடியவர்களின் முதுகெலும்பை சீற்றுக்கு அடியில் இருந்த சுருள் ஸ்பிறிங்தான் காப்பாற்றியது. பொபர்களில் தனியாள் சீற்றும் இரண்டு சுருளும் காண்பது அதனால்தான்.

ஹார்ட்ரெயில் என்றால் அடுத்த கேள்வி: பிறவியா, சத்திரசிகிச்சையா? ரோர்ச்சை எடுங்கள். பழைய பிரித்தானிய ஃபிறேம்களில் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் கனத்த வார்ப்பு மூட்டு இருக்கும். குழாயை அதற்குள் செருகிப் பித்தளையால் ஒட்டியிருப்பார்கள். அந்த மூட்டுகள் வரிசையாக இருந்தால் அது அப்படியே பிறந்தது. குழாயோடு குழாய் நேராக ஒட்டி, மீன் செதில் அடுக்கியதுபோல வெல்டிங் வரிசை தெரிந்தால் அது பிறகு செய்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. செதில்கள் ஒரே அளவில், இடையில் துவாரமில்லாமல் இருந்தால் கை தேர்ந்த கை. கிறைண்டரால் தேய்த்துப் பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வெல்டிங்கை ஒளிப்பவர் எதையோ ஒளிக்கிறார்.

நடுவில் இரண்டு விதம் உண்டு. அச்சின் மேலும் கீழும் ஒரு குழாய்க்குள் ஸ்பிறிங் ஒளிந்திருந்தால் அது பிளஞ்சர். சில்லின் நடுவில் பெரிய பானைபோல ஹப் இருந்தால், அது போருக்குப் பிந்திய ட்ரையம்ப் வண்டிகளில் வந்த ஸ்பிறிங் ஹப்பாக இருக்கலாம். அதைத் தெரியாமல் கழற்றக் கூடாது என்று பழைய மெக்கானிக்மார் எச்சரிப்பார்கள். உள்ளே இறுக்கி வைத்த ஸ்பிறிங் பாய்ந்து வரும்.

ஹார்ட்ரெயில்போலத் தெரிந்து ஏமாற்றுகிறவையும் இருக்கின்றன. ஹார்லி 1984இல் கொண்டுவந்த சொஃப்ட்ரெயிலில் ஷொக் கியர் பெட்டிக்குக் கீழே படுத்திருக்கும். ட்ரையம்ப் 2016இல் அறிமுகம் செய்த பொனவில் பொபரில் அது சீற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஜாவா பேரக்கும் இந்த வம்சம்தான். கொம்பனியே பொபர் செய்து விற்பது எனக்கு என்னவோபோல இருக்கிறது. கிழித்த ஜீன்ஸை இருமடங்கு விலைக்கு விற்பது மாதிரி. ஓடிப் பார்த்தவர்கள் சுகமாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

மூன்றாம் படி: எஞ்சினை வாசிப்பது

ஹார்லி எஞ்சின்களுக்குத் தலைமூடியின் உருவத்தை வைத்துப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது எங்களுக்கு வசதி. 1936 முதல் 1947 வரை வந்தது நக்கிள்ஹெட்: மூடியைப் பார்த்தால் மடக்கிய கையின் முட்டிகள் தெரியும். 1948 முதல் 1965 வரை பான்ஹெட்: தாச்சியைக் கவிழ்த்து வைத்ததுபோல. 1966 முதல் 1984 வரை ஷவல்ஹெட்: சவளின் பின்பக்கம். இந்த மூன்றுக்கும் முந்திய தலைமுறை, டபிள்யூ.எல்.ஏ. போன்ற சைட் வால்வ் வண்டி. அதன் தலை தட்டையாக, மேலே ஒன்றும் இல்லாமல், வெறும் செட்டைகளோடு இருக்கும்; வால்வெல்லாம் பக்கத்தில், கீழே. நான் போன கூட்டங்களில் பழைய ஹார்லியைக் கண்டது மிகக் குறைவு. ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள். யாராவது ஷவலைப் பான் என்று சொல்லும்போது சிரிக்காமல் இருக்கப் பழகலாம்.

எங்கள் பக்கத்தில் நீங்கள் கூடக் காணப்போவது பிரித்தானிய வண்டிகளும் யப்பான் வண்டிகளும்தான். அதில் பி.எஸ்.ஏ. எம்20 முன் நின்று ஐந்து நிமிடம் செலவழியுங்கள். 496 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், சைட் வால்வ், 13 குதிரைவலு. வேகம் கேட்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்காக இதை 120,000க்கும் மேல் செய்தார்கள். எஞ்சின் இலக்கம் டபிள்யூ.எம்.20 என்று தொடங்கினால் அது இராணுவத்துக்கென்றே பிறந்தது. அதே போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப் படைத் தளம் ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். போர்க்கால எம்20க்குப் பின்னுக்கு ஷொக் இல்லை, முன்னுக்கு நடு ஸ்பிறிங்கோடு கேடர் ஃபோர்க். வெட்ட வேண்டியது மட்காட் மட்டும்தான். பிறக்கும்போதே பாதிப் பொபர்.

ட்ரையம்ப் என்றால் எஞ்சினும் கியர் பெட்டியும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 650 சி.சி. வண்டிகளில் 1963 முதல்தான் இரண்டையும் ஒரே வார்ப்பாக்கினார்கள். தனித்தனியாக இருந்தால் அதற்கு முந்தியது; சொந்தக்காரர் அதைச் சொல்லிக்கொள்ளக் காத்திருப்பார், கேளுங்கள்.

என்பீல்ட் புல்லட் 350ஐ வைத்துச் செய்த பொபரும் வரும். 70 மில்லிமீற்றர் விட்டம், 90 மில்லிமீற்றர் ஓட்டம், 346 சி.சி. 1955 முதல் சென்னையில் பொருத்தத் தொடங்கிய வண்டி இது. புல்லட்டுக்கு 1949இலேயே பின் ஷொக் வந்துவிட்டது. எனவே ஹார்ட்ரெயில் புல்லட்டைக் கண்டால் அது யாரோ வெட்டி ஒட்டியதுதான். இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் வெல்டிங்கைப் பாருங்கள்.

அப்புறம் ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200. கூட்டத்தில் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகாதீர்கள். காசு குறைந்த இடத்தில்தான் மூளை கூட வேலை செய்திருக்கும்.

நான்காம் படி: கழற்றினது, வெட்டினது, மாற்றினது

ஒவ்வொரு துண்டிலும் ஒரே கேள்வி: இது ஏன் இங்கே இருக்கிறது, அல்லது ஏன் இல்லை? கழற்றின இடத்தில் மிஞ்சிய காதுகளையும் போல்ற் துவாரங்களையும் தேடுங்கள். நல்ல வேலையில் தேவையற்ற காதுகளை அரிந்து அராவியிருப்பார்கள். மோசமான வேலையில் அவை பல்லுப் பிடுங்கின வாய்போல இளித்துக்கொண்டிருக்கும். வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஹாண்டிலுக்குள்ளாலும் ராங்கிக்கு அடியாலும் ஒழுங்காகப் போனால் சரி. ரேப் சுற்றிய கொத்து ஒன்று சீற்றுக்கு அடியில் தொங்கினால் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

ராங்கி சின்னதாக, நடு இடுங்கி இருந்தால் அதை அமெரிக்காவில் பீனட் ராங்கி என்பார்கள். நான் கச்சான் ராங்கி என்று சொல்வேன், ஒருவரும் தடுக்கவில்லை. ஹார்லியின் சின்ன 125 சி.சி. வண்டியில் இருந்து 1958இல் ஸ்போட்ஸ்டருக்கு வந்தது அது. எட்டரை லீற்றர் பிடிக்கும். பெரிய எஞ்சின் என்றால் வவுனியாவில் நிரப்பிக் கிளிநொச்சிக்குப் போய் வரவே கணக்குப் பார்க்க வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கின நாட்களில் அந்த ராங்கியே எங்களுக்குப் பெரிது.

சில்லுகளில் பின்னுக்கு 16 அங்குலம், பருத்த ரயர் என்பது பழைய வழக்கம். ஹார்லிக்கு அந்த அளவு 1940இல் வந்தது. முன் சில்லில் பிறேக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில அமெரிக்கப் பொபர்களில் முன் பிறேக்கையும் கழற்றியிருப்பார்கள். படத்தில் வடிவு. ஏ9 வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தால் வடிவு உதவாது. சைலன்சரைச் சுற்றித் துணிப்பட்டி கட்டியிருந்தால், உள்ளே ஈரம் தங்கிக் குழாய் துருப்பிடித்திருக்கவும் கூடும். கட்டினதற்குக் காரணம் கேளுங்கள்.

துண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த விளையாட்டு. அமெரிக்காவிலும் ட்ரெயிலர் மட்காட்டை வெட்டிப் பொபருக்குப் போடுவது பழைய வழக்கம். நான் பார்த்த ஒரு சி.டி. 125இல் பின் மட்காட்டின் தகரம் வழமைக்கு மீறித் தடிப்பாக இருந்தது.

"அண்ணை, இது எதில இருந்து வெட்டினது?"

"லாண்ட்மாஸ்ரர் பெட்டியின்ர மட்காட் தம்பி. நெல்லு ஏத்தினது. அரைவாசியை இங்க வெட்டிப் போட்டன், மற்ற அரைவாசி இன்னும் வீட்டில கிடக்கு."

லாண்ட்மாஸ்ரர் என்றால் இரண்டு சில்லு உழவு மெஷின். சீற்றை அவர் மனைவி தைத்திருந்தார், வீட்டுத் தையல் மெஷினில், மூன்று ஊசி முறித்து. நூல் ஓட்டத்தைப் பார்த்தால் நாலாவது ஊசி எங்கே தொடங்கியது என்று தெரிந்தது.

ஐந்தாம் படி: பழசா, பழசாக்கினதா

இப்போது துருவையும் பெயின்ற் அடித்து விற்கிறார்கள். புது ராங்கியை உப்புத் தண்ணீரால் துருவேற வைத்து, மேலே வார்னிஷ் பூசுவார்கள். உண்மையான பழசைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மனித உடம்பு எங்கே முட்டும் என்று யோசிப்பது. ராங்கியின் இரண்டு பக்கத்திலும் முழங்கால் படும் இடத்தில் பெயின்ற் தேய்ந்து, அடிப்பூச்சு தெரிந்து, அதன் நடுவில் இரும்பு மினுங்கும். கிக்கரின் நுனி தேய்ந்திருக்கும். மூடியைத் திறந்து திறந்து அதைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருக்கும். பெற்றோல் சிந்தும் பக்கம் மட்டும் நிறம் வெளிறியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் துருப்பிடித்த வண்டி, ஒருவரும் ஏறாமல் கிழடானது.

இலக்கத் தகட்டையும் பாருங்கள். இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பழைய தகடு என்றால் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன் பதிந்த வண்டி. 'ஸ்ரீ' தகடு 1950களின் பிற்பகுதியில் வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த தார் பூசும் போராட்டம் பற்றி வீட்டில் மூத்தவர்கள் கதைத்திருப்பார்கள். அந்த வயது வண்டி ஒன்றின் தகட்டில் பழைய கறுப்புப் படிவு கண்டால் அது தாரா கிறீஸா என்று கேட்க வேண்டும்போல இருக்கும். நான் கேட்டிருக்கிறேன். கிறீஸ்தான்.

ஆறாம் படி: சொந்தக்காரரோடு கதைப்பது

கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் போக மாட்டீர்கள் அல்லவா? வண்டியும் அப்படித்தான். கேட்காமல் தொடாதீர்கள், ஏறி இருக்கவே வேண்டாம். ஹார்ட்ரெயில் வண்டி சைட் ஸ்ராண்டில் நிற்பதே ஒரு தயவுதான்.

"என்ன விலை?" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்தது. "எத்தினை கிலோமீற்றர் ஓடும்?" என்பதும் அலுத்துப்போன கேள்வி. "இதில எது நீங்களே செய்தது?" என்று கேளுங்கள். முகம் மாறும். அடுத்து "எது இன்னும் பிழை விடுது?" என்று கேளுங்கள். பொய் சொல்லத் தெரியாத ஒரே இடம் அதுதான். காபரேற்றர் கதையில் தொடங்கி, கிடைக்காத ஒரு வாசருக்காகக் கொழும்பு போய் வந்த கதை, லேத்காரரோடு பிடித்த சண்டை எல்லாம் வரும். உங்களைவிட மூத்தவர் என்றால் ஐயா, அண்ணை என்று கூப்பிட்டால் போதும். வண்டியைப் பற்றித் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வன்னியில் ஒன்றை மட்டும் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம்: "இதுக்கு சி.ஆர். புத்தகம் இருக்கோ?" வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்பது வேறு ஊர்களில் நியாயமான கேள்வி. எஞ்சின் இலக்கமும் ஃபிறேம் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்துகிறதா, இலக்கத்தைத் தேய்த்துத் திரும்ப அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது வாங்குகிறவருக்கு அவசியம். ஆனால் 2009இல் இங்கே சனங்கள் வண்டியையும் விட்டு, புத்தகத்தையும் விட்டு, கையில் பிடித்த பிள்ளையோடு நடந்தார்கள். முள்ளிவாய்க்கால் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் குவியலாக எரிந்து கிடந்தன. ஒரு வண்டியின் ராங்கி ஒன்று, ஃபிறேம் இன்னொன்று, எஞ்சின் வேறொன்று என்றால் அது எல்லா நேரமும் ஸ்ரைல் அல்ல. நீங்கள் வாங்க வரவில்லை, பார்க்க வந்தவர். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் சீற்றைப் பற்றிக் கதையுங்கள்.

ஏழாம் படி: ஸ்ரார்ட் பண்ணும் நேரம்

எங்கேயாவது கூட்டம் வட்டமாகக் கூடினால் ஓடிப் போங்கள். பழைய பி.எஸ்.ஏ.யை ஸ்ரார்ட் பண்ணுவது ஒரு சடங்கு. முதலில் பெற்றோல் குழாயைத் திறப்பார். காபரேற்றரில் உள்ள சின்னப் பொத்தானை அமத்திப் பிடிப்பார், விரல் நனைந்து சொட்டும்வரை. ஹாண்டிலில் உள்ள லீவரால் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார். இதை மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். பிறகு கிக்கரை மெதுவாக மிதித்து, பிஸ்ரன் மேலே வந்து இறுகும் இடத்தைத் தேடுவார். வால்வ் லிஃப்டரை ஒரு கணம் பிடித்து, இறுக்கம் தாண்டினதும் விடுவார். அதற்குப் பிறகுதான் உதை. ஐந்தாறு உதையில் வராவிட்டால் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை வரும். அவர் ஒருவருக்கும் காது கொடுக்க மாட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இந்தச் சடங்கு புதிதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காண முடியாத பொருள். வண்டிகள் மண்ணெண்ணெய்யில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ரார்ட் ஆகாது. மருந்துப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடாகும்வரை அதிலே பிடித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். வெள்ளைப் புகை ஒழுங்கையை நிறைக்கும். இரண்டு நாளைக்கு ஒருதரம் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். பெரியப்பா அந்தப் போத்தலைச் சாமி அறையில் வைத்திருந்தார், பிள்ளைகளுக்கு எட்டாமல்.

பழைய சைட் வால்வ் எஞ்சின்களின் அமுக்கம் 5க்கு 1ஐ ஒட்டியது. போர்க்கால மட்டமான பெற்றோலில் தட்டாமல் ஓடும்படிதான் அவற்றை அமைத்தார்கள். மட்டமான எரிபொருளுக்கு அந்தத் தாழ்ந்த அமுக்கம்தான் தோதானது. இதை ஒரு எம்20காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கட அப்பா ஓடினவர்," என்றார்.

எஞ்சின் பிடித்ததும் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருதரம் அடிக்கும். ஒவ்வொரு அடியையும் எண்ணலாம். பழைய ட்ரையம்பில் இரண்டு பிஸ்ரனும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் மாறி மாறி, சுற்றுக்கு ஒன்றாக ஒரே இடைவெளியில் அடிக்கும். அதனால் சத்தம் சீராக உருளும். ஹார்லியின் இரண்டு சிலிண்டரும் 45 பாகையில் விரிந்து, ஒரே முளையில் பூட்டியவை. ஓர் அடிக்கும் அடுத்ததுக்கும் இடையில் 315 பாகை, பிறகு 405 பாகை. அந்த நொண்டல்தான் அதன் தாளம். பறை கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும்.

நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டினால் பதற வேண்டாம். சொட்டவே சொட்டாத பழைய பிரித்தானிய வண்டியைக் கண்டால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக

அச்சு உயரத்துக்குக் குந்தி எடுங்கள். நின்று எடுத்தால் எல்லா வண்டியும் தவளைபோலத் தெரியும். பின்னணியில் பனை இருந்தால் நல்லது, ஐஸ்கிறீம் வான் வேண்டாம். இலக்கத் தகட்டை மறைத்துப் போடுங்கள். வெல்டிங்குக்கும் மட்காட் நுனிக்கும் கிட்டப் படம் ஒன்று எடுத்து வைத்தால், நாளைக்கு நீங்களே வெட்ட நினைக்கும்போது உதவும்.

கடைசிப் படி: வாசலில் நில்லுங்கள்

பின்னேரம் 4 மணிபோலப் பலர் புறப்பட்டுவிடுவார்கள். நீங்கள் போய் வாசலில் நில்லுங்கள். லொறியில் ஏறிப் போகும் வண்டி எது, தானாக ஓடிப் போகும் வண்டி எது என்று அப்போதுதான் தெரியும். காலையில் நான் மெச்சின இரண்டு குரோம் வண்டிகளைக் கயிறு கட்டி லொறியில் ஏற்றினார்கள். தகர மட்காட் சி.டி. 125 மனைவியைப் பின்னுக்கு ஏற்ற இடமில்லாததால் தனியாகப் போனது. அந்த அக்கா மைத்துனரின் ஸ்கூட்டியில் பின்னால் வந்தார்.

எம்20 மட்டும் சூட்டில் பிடிக்க மறுத்தது. பத்து உதை, பதினைந்து உதை. நாள் முழுக்கக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தவன் நான். சொந்தக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறி இருந்து, கிளச்சைப் பிடித்து, திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மட்காட்டில பிடியாதையும், பேந்து வளைஞ்சிடும். சீற் ஸ்பிறிங்கில பிடிச்சுத் தள்ளும்."